டி-ட்ரக்கரில் கிரவலும் மணலும்: எந்த ரயர் போடலாம்?

கேள்வி: அண்ணா, நான் பரந்தனில் இருக்கிறேன். விவசாயத் துறையில் வெளிக்கள வேலை. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த கவாசாக்கி டி-ட்ரக்கர் 250 மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் 17 அங்குலச் சில்லு, வீதிக்கான ரயர். அரைவாசி ஓட்டம் ஏ-9, ஏ-35 வீதிகளில். மிச்சம் கிரவல் வீதியும் குளக்கட்டும். லீவு நாளில் எக்ஸ்ஆர் பாஜா, கேஎல்எக்ஸ் போன்ற காட்டுப் பாதை மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களோடு கடற்கரைப் பக்கம் போவேன். கிரவலில் பிறேக் பிடித்தால் முன் சில்லு வழுக்குகிறது. போன மாதம் மணலில் விழுந்தும் விட்டேன். ரயர் கடையில் பின்னுக்கு மட்டும் பட்டன் ரயர், அதாவது கட்டை கட்டையாக ரப்பர் துருத்தி நிற்கும் ரயர், போடச் சொல்கிறார்கள். நண்பர்கள் கேஎல்எக்ஸின் 21 அங்குலச் சில்லை வாங்கிப் போடு என்கிறார்கள். எதைச் செய்வது? சில நாளில் மனைவியும் பின்னால் இருப்பார்.

பதில்: தம்பி, கடைக்காரர் சொன்னதையும் செய்யவேண்டாம், நண்பர்கள் சொன்னதையும் இப்போதைக்குச் செய்யவேண்டாம். 17 அங்குலச் சில்லையே வைத்துக்கொண்டு, நடுத்தரமான பட்டன் உள்ள ரயரை முன்னும் பின்னும் சோடியாகப் போடுங்கள். காற்றின் அளவையும் முன் பிறேக் பிடிக்கும் விதத்தையும் மாற்றுங்கள். கிரவலில் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் இதோடு தீரும். மணலில் தீராது, குறையும். ஏன் என்று சொல்கிறேன்.

டி-ட்ரக்கரை கவாசாக்கி 1998இல் ஜப்பானில் விட்டது, கேஎல்எக்ஸ் 250ஐ அடியாக வைத்துத்தான். எஞ்சினும் சட்டமும் காட்டுக்குப் போகிற வண்டியினுடையவை. சில்லு, ரயர், முன் டிஸ்க் மூன்றும் தார் வீதிக்கானவை. ஹொண்டாவின் எக்ஸ்ஆர் 250 மோட்டார்டும் இதே கதைதான். உயரமாக நிற்பதையும் பெரிய மட்காட்டையும் பார்த்து எங்கும் போகும் என்று வாங்குபவர்கள் அதிகம். எஞ்சின் எங்கும் போகும்தான். அதை முன் சில்லு எங்கே விடுகிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் முன் ரயரின் பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 110/70-17 என்று இருக்கும். அகலம் 110 மில்லிமீற்றர், அதில் 70 வீதம் உயரம், அதாவது றிம்முக்கும் நிலத்துக்கும் இடையில் 77 மில்லிமீற்றர் ரப்பர். முழுச் சில்லின் குறுக்களவு ஏறக்குறைய 59 சென்ரிமீற்றர் வரும். கேஎல்எக்ஸின் 3.00-21 ரயர் கிட்டத்தட்ட 69 சென்ரிமீற்றர். பத்துச் சென்ரிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் நண்பரின் சில்லு ஏறிக் கடந்துபோகிற கல்லில் உங்கள் சில்லு முட்டும். அவருடையது மேலால் உருண்டுவிடுகிற குழிக்குள் உங்களுடையது இறங்கும். மெல்லிய உயரமான சில்லு மணலைக் கீறிக்கொண்டு போகும். அகலமான குட்டைச் சில்லு மணலை முன்னால் தள்ளிக் குவித்து, அந்தக் குவியலிலேயே ஏற முயற்சி செய்யும். அந்த நேரத்தில் நீங்கள் அக்சிலேற்றரை விட்டீர்கள் என்றால் பாரம் முழுவதும் முன்னுக்கு வந்து, ஹாண்டில் ஒரு பக்கம் மடியும். போன மாதம் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சுப்பர்மோட்டோ ஓட்டக்காரர்கள் வீதி ரயரோடு மண்ணில் பாய்கிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் போட்டி 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று நடத்திய கலப்புப் பந்தயத்தில் தொடங்கியது. தாரும் மண்ணும் அதிலேயே சேர்ந்திருந்தன. ஆனால் அங்குள்ள மண் துண்டு இறுக்கிச் சமப்படுத்திய மண். எத்தனையாவது வளைவில் எவ்வளவு வழுக்கும் என்பது ஓட்டுபவருக்கு மனப்பாடம். முத்தையன்கட்டுப் பக்கம் போகிற கிரவல் வீதியில் அடுத்த வளைவில் மாடு நிற்கிறதா, உழவு இயந்திரம் வருகிறதா என்பதே உங்களுக்குத் தெரியாது.

சரி, நிலத்துக்கு வருவோம். உங்கள் ஓட்டத்தில் மூன்று விதமான நிலம் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே ரயர் கிடையாது.

கிரவலில் ஓட்டம் அதிகம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வன்னிக் கிரவல் வீதி அடியில் கல்லுப்போல இறுகியிருக்கும், மேலே உருண்டைக் குறுணி பரவியிருக்கும். சீமெந்துத் தரையில் பயறைக் கொட்டிவிட்டு நடப்பது போலத்தான் அதில் பிறேக் பிடிப்பது. எவ்வளவு பெரிய பட்டன் போட்டாலும் அடித்தரைக்குள் அது இறங்காது. அதனால் கிரவலுக்கு உயரமான பட்டனால் நீங்கள் நினைக்கிற அளவு லாபம் இல்லை. குறுணி ஒதுங்கிப்போக இடைவெளி இருக்கவேண்டும், பட்டன்கள் வளைந்து கொடுக்காத அளவு கட்டையாக இருக்கவேண்டும், ரப்பர் மென்மையாக இருக்கவேண்டும். இவ்வளவும் நடுத்தர ரயரிலேயே கிடைக்கும்.

அங்கே வழுக்குவதற்கு ரயரை விடப் பெரிய காரணம் உங்கள் வலது கை. டி-ட்ரக்கரின் முன் டிஸ்க் 300 மில்லிமீற்றர், கேஎல்எக்ஸில் உள்ளதை விடப் பெரியது. தார் வீதியில் அது வரம். கிரவலில் நான்கு விரலாலும் பிடித்தால் சில்லு அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன் சில்லுக்குத் திசை கிடையாது. லீவரை ஹாண்டில் பக்கம் கொஞ்சம் கிட்ட எடுத்து, ஒரு விரலால் மட்டும் பிடிக்கப் பழகுங்கள். இழுக்கவேண்டாம், அழுத்திக்கொண்டே வாருங்கள். பின் பிறேக்கைத் தாராளமாகப் பாவியுங்கள். பின் சில்லு கொஞ்சம் அலைந்தால் அலையட்டும், அதைச் சமாளிக்கலாம். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் முன் பிறேக்கைத் தொடாதீர்கள். குறுணி குவிந்திருக்கும் நடுப்பகுதியையும் ஓரத்தையும் விட்டு, வாகனச் சில்லு ஓடித் துப்புரவான தடத்திலேயே போங்கள். கால்தாங்கியில் எழுந்து நின்று, முழங்காலால் பெற்றோல் தாங்கியைப் பிடித்து, ஹாண்டிலைத் தளர்வாக வைத்திருங்கள். யாரும் இல்லாத நேரத்தில் ஒரு நேரான துண்டில் 20, 30 வேகத்தில் திரும்பத் திரும்பப் பிறேக் பிடித்துப் பாருங்கள். சில்லு எப்போது பூட்டப்போகிறது என்று லீவரிலேயே தெரிய ஆரம்பிக்கும். ரயருக்குக் கொடுக்கும் காசை விட இதற்குப் பெறுமதி அதிகம்.

கடற்கரை மணலில் பட்டன் உதவும். பின் சில்லு தோண்டித் தள்ளுவதற்கு அது வேண்டும். ஆனால் 17 அங்குல முன் சில்லின் குறையை எந்தப் பட்டனும் மாற்றாது. மணற்காட்டு மேடு போன்ற இடங்களில் பாஜாக்காரரோடு போட்டி போடவேண்டாம். மணலுக்குள் இறங்க முன்னமே இரண்டாம் கியரில் கொஞ்சம் வேகம் எடுத்துக்கொள்ளுங்கள். பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, அக்சிலேற்றரை ஒரே அளவில் பிடியுங்கள். ஹாண்டில் ஆடினால் ஆடட்டும், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். நிற்பாட்டவேண்டும் என்றால் பிறேக்கைத் தொடாமல் அக்சிலேற்றரை மெல்லக் குறையுங்கள், மணலே நிற்பாட்டிவிடும்.

மாரி மழைக்குப் பிறகு வயல்வெளிக் களி மூன்றாவது. அங்கே வீதி ரயரின் பள்ளங்கள் பத்து யார் தூரம் போவதற்குள் அடைபட்டு, ரயர் மொட்டையாகிவிடும். நடுத்தர ரயரும் அடைபடும், சற்றுப் பிந்தி. ஒட்டுகிற களி என்றால் இறங்கி நடந்துபோய்ப் பார்ப்பதே நல்லது. வேலைக்காகப் போகிறீர்கள், வெல்ல அங்கே கிண்ணம் ஒன்றும் இல்லை.

இனி ரயர். கடையில் மூன்று வகை காட்டுவார்கள். முதலாவது, இப்போது உங்களிடம் உள்ளதைப் போல வீதி ரயர். கடைசி வகை, பட்டன்கள் தள்ளித் தள்ளி உயரமாக நிற்கும் முழு ஒஃப் றோட் ரயர். இரண்டுக்கும் நடுவில், பட்டன்கள் கிட்டக் கிட்ட, தட்டையாக, நடுவில் ஏறக்குறையத் தொடர்ச்சியாகவும் ஓரத்தில் இடைவெளியாகவும் இருக்கும் வகை ஒன்று உண்டு. வெர்சிஸ் எக்ஸ் 300, கேடிஎம் 390 அட்வென்சர் போன்றவற்றில் கம்பனியிலிருந்தே வருவது இந்தப் பக்கத்து ரயர்தான். நீங்கள் எடுக்கவேண்டியது இந்த நடு வகை.

முழு ஒஃப் றோட் ரயரை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஏ-9க்காக. ஒஃப் றோட் ரயரில் தார் தொடுகிற ரப்பர் குறைவு. வேகமாகப் பிறேக் பிடிக்கும்போது உயரமான பட்டன்கள் வளையும். மழையில் காப்பெற் வீதியில் முன்னால் போகிற பஸ் திடீரென்று நிற்கும்போது உங்களுக்குத் தேவைப்படுகிற அந்தக் கடைசி சில அடிகளை அந்த ரயர் தராது. கிரவலில் 30 வேகத்தில் வழுக்கி விழுவதும் ஏ-9இல் 70 வேகத்தில் வழுக்கி விழுவதும் ஒன்றல்ல. அதோடு உங்கள் ஓட்டத்துக்கு அந்தப் பட்டன்கள் பின்னுக்கு விரைவாகத் தேய்ந்து, நடுவில் தட்டையாகிவிடும்.

பின்னுக்கு மட்டும் பட்டன் போடுவது அதைவிடப் பிழை. பின் சில்லு நன்றாகப் பிடிக்கும், அதனால் நீங்களும் தைரியமாக வேகம் எடுப்பீர்கள். திருப்புவதும் நிற்பாட்டுவதும் முன் சில்லின் வேலை, அது பழைய ரயரோடே இருக்கும். காசு ஒரு ரயருக்குத்தான் இருக்கிறது என்றால் முன் ரயரை வாங்குங்கள், பின்னது அடுத்த மாதம்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 110/70-17, 130/70-17 என்ற உங்கள் அளவுகள் வீதி ரயரில் எங்கும் கிடைக்கும். பட்டன் வகையில் பின்னுக்கு 130/80-17 தான் சுலபமாக அகப்படும். நான் மேலே சொன்ன வெர்சிஸ், கேடிஎம் இரண்டின் பின் அளவும் அதுதான். அதைப் போட்டால் பின்பக்கம் 13 மில்லிமீற்றர் உயரும். முன்னை அப்படியே விட்டால் வண்டி மூக்குக் குத்தி நிற்கும், ஹாண்டில் இன்னும் துடியாகும், மணலில் அது கூடாது. ஆகவே பின்னுக்கு 80 போட்டால் முன்னுக்கும் 110/80-17 போடுங்கள். அதில் 11 மில்லிமீற்றர் உயரும், இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். கல்லில் முட்டும்போது றிம்மைக் காப்பாற்ற ரப்பரும் அவ்வளவு கூடும். ஸ்பீட் மீற்றர் முன் சில்லிலிருந்து வேகம் எடுப்பதானால், அது 60 காட்டும்போது நீங்கள் 62இல் போவீர்கள், அவ்வளவுதான்.

வாங்க முன்னர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் ரயருக்கும் செயினுக்கும் இடையில், பின் சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆமின் முன் வளைவுக்கும் ரயருக்கும் இடையில் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வர வேண்டும். செயின் புதிதாகவோ நீளம் குறைவாகவோ இருந்து சில்லு முன்னுக்கு இழுபட்டிருந்தால் 80 உரசக்கூடும். பெரிய பின் ரயரால் இழுவை கொஞ்சம் குறையும். செயின் ஓடும் முன் பற்சில்லில், அதாவது முன் ஸ்புரொக்கற்றில், ஒரு பல் குறைத்தால் அது சரியாகி, கிரவலில் மெதுவாகப் போவதும் சுகமாகும்.

அப்புறம், ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. புது ரயர் என்று பளபளப்பாக மினுக்கி வைத்திருப்பார்கள். இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அதிகம் விலைபோகாத இந்த மாதிரி அளவுகள் கடையின் மேல்தட்டில் வருடக்கணக்காகக் கிடக்கும். ஐந்து வருடம் தாண்டியது என்றால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும், ஈரத் தாரில் பிடிக்காது. பாவித்த ரயரும் வேண்டாம். அம்புக்குறி சில்லு சுற்றும் பக்கம் பார்க்கிறதா என்று பூட்டிய பிறகு நீங்களே பாருங்கள்.

உங்களுடையது ஸ்போக் சில்லு, உள்ளே ரியூப் இருக்கும். ரயரில் ரியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் ரியூப் போட்டுத்தான் பூட்டவேண்டும். ரயர் மாற்றும்போது ரியூபையும் புதிதாகப் போடுங்கள். விடத்தல் முள் எந்த ரயரையும் மதிக்காது. உதிரி முன் ரியூப் ஒன்றும் இரண்டு லீவரும் கைப் பம்பும் பையில் இருக்கட்டும். அந்த முன் ரியூப் அவசரத்துக்குப் பின்னுக்கும் போகும்.

காற்றை மறந்துவிடாதீர்கள். தார் வீதிக்கு, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு. கிரவலுக்கு அதிலிருந்து 5, 6 பிஎஸ்ஐ இறக்குங்கள். மணலில் இன்னும் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் 18க்குக் கீழே போகவேண்டாம். உங்கள் ரயரின் பக்கம் குட்டை, கல்லில் அடித்தால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசிந்து பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும், றிம்மும் நெளியும். இன்னொன்று, காற்றுக் குறைவாக இருந்தால் பிறேக் பிடிக்கும்போதும் முறுக்கும்போதும் ரயர் றிம்மில் மெல்ல நகரும், ரியூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வின் அடியில் இருக்கும் சின்ன நட்டை றிம்மோடு இறுக்காதீர்கள். அதை மேலே ஏற்றி மூடியோடு முட்டவிட்டு வையுங்கள். மணலால் வந்தவுடன் வால்வைப் பாருங்கள். நேராக நின்றால் சரி. ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ரயர் நகர்ந்திருக்கிறது. காற்றை முழுக்க இறக்கி, ரயரைத் திருப்பி நேராக்கிவிட்டு அடியுங்கள். நட்டை இறுக்கி வைத்தால் இந்த அடையாளம் தெரியாது, ஒரு நாள் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். மணலில் இறக்கிய காற்றைத் திரும்ப அடிக்காமல் ஏ-35இல் ஏறாதீர்கள். கைப் பம்ப் முக்கியமாக அதற்குத்தான்.

21 அங்குலச் சில்லுக்கு வருகிறேன். முடியாது என்றில்லை. ஆனால் சில்லு மட்டும் வாங்கினால் வேலை முடிவதில்லை. பின்னுக்கு 18 வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். டிஸ்க் அளவு மாறும், அதற்கு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரைத் தாங்கும் துண்டு மாறவேண்டும். அச்சாணியும் ஸ்பேசரும் உங்கள் வருட மொடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 70இல் போவீர்கள். இருக்கை உயரும். ஒன்றுக்கொன்று தேடி வாங்கும் பாவித்த சாமான்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால், டி-ட்ரக்கரைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் போட்டுக் கேஎல்எக்ஸாகவே எடுப்பது புத்தி. ஒவ்வொரு வாரமும் மணலுக்குத்தான் போகிறீர்கள் என்றால் அதை யோசியுங்கள். எப்போதாவது போவதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

ரயரோடு சம்பந்தமில்லாத ஒன்று. வீதியை விட்டு இறங்குவது வேறு நாட்டில் வேறு கதை, எங்கள் பக்கத்தில் வேறு கதை. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையையோ அடையாளக் கயிற்றையோ கண்டால் அந்தப் பக்கம் சில்லை வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் நாளாந்தம் ஆட்கள் போய்வரும் தடத்தை விட்டு விலகவேண்டாம். நண்பர் குறுக்குவழி என்று பற்றைக்குள் திருப்பினால் நீங்கள் திருப்பாதீர்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா எல்லைக்குள்ளும் வேண்டாம். யானை நடமாடும் காட்டுப் பாதைகளில் மாலை நான்கரைக்குப் பிறகு நிற்கவேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

மனைவி பின்னால் இருக்கும் நாளில் பின் ரயரின் காற்றை ஸ்டிக்கரில் இரண்டு பேருக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். கிரவலில் 5 பிஎஸ்ஐ இறக்கும் பேச்சு அன்று கிடையாது. ரயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்து வரும் எண் பாரம் தாங்கும் குறியீடு. பின்னுக்கு 62 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும், 62 என்றால் 265 கிலோ. இரண்டு பேரோடு மணலுக்குள் போகவேண்டாம். பின்னால் பாரம் கூடினால் முன் சில்லு லேசாகி, கிரவலிலும் பிடி குறையும். வேகத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

புது ரயர் பூட்டிய நாளில் முதல் நூறு கிலோமீற்றர் வரை சாய்த்துத் திருப்புவதும் இறுக்கிப் பிறேக் பிடிப்பதும் வேண்டாம், ரப்பரின் மேல் மினுக்கம் போகவேண்டும். பூட்டக் கொடுக்கும்போதே ஸ்போக்குகளையும் ஒருதரம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மணலில் விழுந்த வண்டி என்கிறீர்கள், இரண்டு மூன்று தளர்ந்திருக்கும்.